அரசு ஏஆர்டி மையம்: மருந்துக்கு முழு மார்க், ரிப்போர்ட்டை விளக்குவதற்குப் பாதிகூட இல்லை

தென்மாவட்டத்தில் ஒரு அரசு ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். அங்கே எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் ஏஆர்டி மையத்தில் நாலு வருஷமாக மருந்து வாங்குகிறேன். அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி நெட்டில் பார்க்கிங், கேன்டீன், ஸ்கேன் வரிசை என்று எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள், இந்த மையத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. எழுதினால் எழுதியவருக்கு எச்.ஐ.வி. என்று ஊருக்கே தெரிந்துவிடுமே என்ற பயம்தான். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனாலும் நேற்றுதான் ரிசல்ட் கைக்கு வந்து, தூக்கம் வராமல் போனைத் தடவிக்கொண்டிருக்கும் ஒருவருக்காவது இது பயன்படட்டும்.

முதலில் மருந்து. குறையே சொல்ல முடியாது. தினமும் ஒரே மாத்திரை, அதில் டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம். கூட்டு மருந்து என்போம். பைசா வாங்குவதில்லை. உடம்பு நிலையாக இருப்பவர்களுக்கு மூன்று மாதத்துக்குச் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள், தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். 2004 ஏப்ரலில் இலவச மருந்து தொடங்கியபோது நாடு முழுவதும் எட்டு ஆஸ்பத்திரிகளில்தான் கிடைத்தது, தாம்பரம் அதில் ஒன்று. ராத்திரி பஸ் பிடித்து அங்கே போய் வந்த கதையை மூத்தவர்கள் இப்போதும் பெஞ்சில் உட்கார்ந்து சொல்வார்கள். இன்றைக்கு எனக்கு டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம், அவ்வளவுதான்.

அடுத்தது வைரல் லோட் டெஸ்ட், ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. மருந்து ஆரம்பித்த ஆறாவது மாதம், பன்னிரண்டாவது மாதம், அப்புறம் வருஷத்துக்கு ஒருமுறை. இதுவும் இலவசம், வெளியே லேபில் எடுத்தால் ஆயிரக்கணக்கில் ஆகும். ரத்தத்தை இங்கே எடுத்து வேறு ஊர் லேபுக்கு அனுப்புகிறார்கள், ரிசல்ட் வர நாளாகும், பொறுத்துக்கொள்ளலாம்.

என் மனத்தாங்கல் இந்த இடத்தில்தான். முதல் ரிப்போர்ட்டிலேயே "டார்கெட் நாட் டிடெக்டட்" என்று ஆங்கிலத்தில் அச்சாகி வந்தது. ஏதோ சாம்பிள் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துப் பதறினேன். கவுன்சிலர் மேடம் பச்சை புக்கில் குறித்துக்கொண்டு, "நல்லா இருக்கு, மாத்திரையை விடாதீங்க" என்றார், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மனசு வரவில்லை, வாசலில் எண்பது பேர் நின்றோம். ஆனால் அந்த ஒரு வரிக்கு அர்த்தம் தெரியாமல் நான் மேலும் ஒன்றரை வருஷம் ஹாலில் தனிப் பாய் போட்டுப் படுத்தேன். என் மனைவிக்கு எச்.ஐ.வி. இல்லை. என்னால் அவளுக்கு வந்துவிடக் கூடாதே என்று கை பட்டால்கூட விலகுவேன், அவளோ எனக்கு அவளைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

எச்.ஐ.வி. உள்ளவர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் மாவட்ட பாசிட்டிவ் நெட்வொர்க்கில் இருக்கும் ஒரு அண்ணன்தான் டீக்கடை ஓரமாக நிறுத்தி விளக்கினார். "தம்பி, இந்த ரிப்போர்ட் உனக்கு மட்டும் இல்ல, உன் வீட்டம்மாவுக்கும் சேர்த்துதான்." மாத்திரையைத் தவறாமல் போட்டு, கிருமி டெஸ்டில் தென்படாத அளவுக்குக் குறைந்து ("டார்கெட் நாட் டிடெக்டட்" என்பது இதைத்தான்) அப்படியே இருந்தால், உடலுறவின் மூலம் இன்னொருவருக்குப் பரவாது. குறைவாகப் பரவும் என்பதல்ல, பரவாது. பார்ட்னர் என்ற ஐரோப்பிய ஆய்வில் இப்படி ஒருவருக்கு இருந்து இன்னொருவருக்கு இல்லாத ஜோடிகளை வருஷக்கணக்கில் கவனித்தார்கள். 2019-ல் வந்த இரண்டாம் பகுதியில் மட்டும் ஆணுறை இல்லாத உறவு சுமார் 76,000 தடவை, சிகிச்சையில் இருந்த துணையிடமிருந்து தொற்றியது பூஜ்யம். உலக சுகாதார நிறுவனமும் 2023-ல் இதையே தெளிவாகச் சொல்லிவிட்டது. இதை ஒரு தமிழ் போஸ்டராக அடித்து அந்த பெஞ்சுக்கு எதிரே ஒட்டினால் எத்தனை வீடுகளில் பாய் இடம் மாறும்!

அண்ணன் சொன்ன மற்றதையும் எழுதிவிடுகிறேன், பாதியைச் சொல்லி விட்டுவிடக் கூடாது. கிருமி தென்படவில்லை என்றால் குணமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை, ஒளிந்திருக்கிறது, மருந்தை நிறுத்தினால் சில வாரத்தில் திரும்ப ஏறிவிடும். மற்ற பால்வினை நோய்களையும் கர்ப்பத்தையும் இது தடுக்காது, அதற்கு ஆணுறைதான். தாய்ப்பால் விஷயத்தில் ஆபத்து மிகக் குறையும், ஆனால் பூஜ்யம் என்று சொல்ல முடியாது, டாக்டரிடம் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் மருந்து இதெல்லாம் டோலுடெக்ராவிரை உடம்பில் சேரவிடாது, அவற்றுக்கு 2 மணி நேரம் முன்னாலோ 6 மணி நேரம் கழித்தோ கூட்டு மருந்தைப் போடுங்கள். இதையும் மருந்து கொடுக்கும் ஜன்னலில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். போகிறவர்கள் எட்டரைக்குள் போய் டோக்கன் வாங்கிவிடுங்கள், திங்கட்கிழமை வேண்டாம், கூட்டம் தாங்காது. ரிப்போர்ட் வந்தால் கையில் வாங்கி, "மேடம், இதுக்கு என்ன அர்த்தம், என் துணைக்குப் பரவுமா?" என்று வாயைத் திறந்து கேளுங்கள், கேட்டால் சொல்கிறார்கள். கேட்கத் தயக்கமாக இருந்தால் எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்குக் கூப்பிடலாம், கட்டணம் இல்லை. கூட வருகிறவருக்கு அதே வளாகத்தில் நம்பிக்கை மையத்தில் டெஸ்ட் எடுத்துக்கொள்ளலாம், போன மாதம் என் மனைவி எடுத்தாள், நெகட்டிவ்.