ஜாவாவுக்கு அப்புறம் பைத்தானா, கோ மொழியா?

ஜாவாவில் புரோகிராம் எழுதிக் கை பழகியவர் வேறு புரோகிராமிங் மொழிக்குப் போனாலும் கொஞ்ச நாள் ஜாவாவைத்தான் எழுதுவார். அந்தப் பழக்கத்தை விடவைப்பதில் பைத்தானும் கோ மொழியும் நேரெதிர்.

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். விவசாயி பெயர், மல்லிகை எத்தனை கிலோ, அந்த நேரத்து விலை. விடியலில் ஒரு விலை, கொஞ்ச நேரத்தில் வேறு விலை என்பதால் ஒரே ஆளுக்குப் பல வரிகள் விழும். கடைசியில் ஆளுக்கு எவ்வளவு என்று கூட்டி, கமிஷனைக் கழிக்க வேண்டும்.

இதை ஜாவாக்காரர் பைத்தானில் எழுதினால் விவசாயிக்கு ஒரு கிளாஸ் (தகவலையும் அதைக் கையாளும் ஃபங்ஷன்களையும் ஒன்றாகக் கட்டிய அச்சு), அதற்குள் தகவலை எடுத்துத் தரக் கெட்டர், மாற்றச் செட்டர், கணக்குப் போட 'மேனேஜர்' என்று இன்னொரு கிளாஸ். பைத்தான் எதையும் தடுக்காது. விடையும் சரியாக வருவதால் பழக்கம் அப்படியே நின்றுவிடும். உண்மையில் பெயருக்கு நேரே தொகையை வைக்க ஒரு டிக்ஷனரி, வரி வரியாக ஓட ஒரு ஃபார் லூப், கிலோவை விலையால் பெருக்கிப் பெயருக்கு நேரே கூட்டும் ஒரு வரி போதும். ஜாவாவில் கெட்டருக்கு நியாயம் உண்டு: பின்னால் சரிபார்ப்பு தேவைப்பட்டால், நேரடியாகத் தொட்ட இடத்தையெல்லாம் மாற்ற வேண்டிவரும். பைத்தானில் அப்போது ப்ராப்பர்ட்டி (வெளியே நேரடியாகத் தொடுவதுபோல் இருந்து, உள்ளே ஃபங்ஷனை ஓட்டுவது) போட்டுக்கொள்ளலாம், அழைக்கிற இடம் மாறாது. காரணமே போன பிறகு கெட்டர் எதற்கு?

2009இல் கூகுள் வெளியிட்ட கோ மொழி கறாரானது. கிளாஸ் இல்லை, ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றை வழிவழியாக உருவாக்கும் இன்ஹெரிட்டன்ஸ் இல்லை, எரரை வேறிடத்தில் பிடிக்கும் ட்ரை-கேட்ச் இல்லை. ஒரே ஃபங்ஷனைப் பல தகவல் வகைகளுக்கு எழுத உதவும் ஜெனரிக்ஸே 2022இல்தான் வந்தது. வெளியிலிருந்து சேர்த்துவிட்டுப் பயன்படுத்தாத இம்போர்ட் ஒன்று கிடந்தால், புரோகிராமை ஓடும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் ஏற்காது. கிலோ இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து வந்தால், எண்ணாக மாற்றும் ஃபங்ஷன் விடையோடு எரரையும் கையில் கொடுக்கும். அங்கேயே பார்த்துவிட வேண்டும். முதலில் எரிச்சலாக இருக்கும், ஆனால் எந்த வரியில் தப்பு என்பது நழுவாது. கோ மொழியிலும் தப்பிப் பிழைக்கிற ஜாவாப் பழக்கம், ஒரே ஒரு ஸ்ட்ரக்டுக்கு (தகவல்களின் தொகுப்பு) முன்கூட்டியே இண்டர்ஃபேஸ் (என்னென்ன ஃபங்ஷன்கள் இருக்க வேண்டும் என்ற பட்டியல்) எழுதுவது. பயன்படுத்துகிற பக்கத்தில், தேவை வந்தபின் எழுதினால் போதும்.

கடைக் கணக்குக்கு பைத்தான்தான், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எழுதியதைப் படித்துச் சொல்ல, பைத்தானில் ஊறிய ஒருவர் பக்கத்தில் வேண்டும். இலந்தைக்குளம் ஐடி பார்க்கில் புது டீமில் சேர்ந்து, நாள் முழுக்க ஓடும் சர்வரைப் பலர் கைமாற்றிப் பார்க்கிற நிலை என்றால் கோ. தனியாகக் கற்கிறவருக்கும் அதையே சொல்வேன்: திருத்த ஆளில்லாத இடத்தில் கம்பைலராவது திருத்தும்.