எஸ்இஓ வேலையை யாரிடம் கொடுப்பது: ஏஜென்சியா, தனியாளா, சொந்த ஆளா?

எஸ்இஓ-வுக்கு, அதாவது கூகுள் தேடலில் தங்கள் சைட்டை மேலே கொண்டுவரும் வேலைக்கு, ஆள் தேடுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “யாரிடம் கொடுத்தால் நல்லது?” நான் திருப்பிக் கேட்பது வேறு: “சைட்டில் ஒரு மாற்றம் செய்யச் சொன்னால், உங்கள் பக்கம் யார் செய்வார்கள், எத்தனை நாளில் செய்வார்கள்?” பெரும்பாலும் பதில் வராது. ஏஜென்சியில் வேலை பார்த்திருக்கிறேன், தனியாகவும் எடுத்துச் செய்திருக்கிறேன். அதே குழு, அதே உழைப்பு. ஒரு வாடிக்கையாளருக்குப் பலன் வரும், இன்னொருவருக்கு ஒன்றும் நகராது. அதனால் இந்த மூன்று வழிகளும் உங்களுக்கு என்ன தரும் என்பதோடு, உங்களிடம் என்ன கேட்கும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஏஜென்சி என்றால் டெக்னிக்கல் ஆள், எழுதுகிறவர், லிங்க் வேலை (மற்ற சைட்டுகளிலிருந்து உங்கள் சைட்டுக்கு இணைப்பு கிடைக்கச் செய்வது) பார்க்கிறவர் எல்லாரும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள். ஒருவர் லீவு போட்டாலும் வேலை நிற்காது. ஆனால் முதல் மீட்டிங்கில் பேசிய அனுபவசாலியை அப்புறம் கண்ணில் பார்ப்பதே கஷ்டம். உங்கள் சைட்டைக் கவனிப்பவர் இன்னும் பல சைட்டுகளையும் சேர்த்துக் கவனித்துக்கொண்டிருப்பார். “தினசரி வேலை பார்க்கப்போகிறவரோடு பேச வேண்டும்” என்று கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். அதற்குத் தயங்கும் ஏஜென்சியை நான் எடுக்க மாட்டேன்.

பதிலுக்கு ஏஜென்சிக்கு உங்களிடமிருந்து தேவைப்படுவது, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒரே ஒரு ஆள். நான் ஏஜென்சியில் இருந்தபோது ஒரு பெரிய சைட்டுக்கு ஆடிட், அதாவது என்னென்ன குறை என்று பார்த்துச் சொல்லும் அறிக்கை, கொடுத்தோம். நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு, தேடல் முடிவில் தலைப்பாக வரும் டைட்டில் ஒன்றே. அதைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. மார்க்கெட்டிங் பிரிவு ஐடி பிரிவைக் கேட்கச் சொன்னது. ஐடி, சைட்டைக் கட்டிய கம்பெனியைக் கைகாட்டியது. அந்தக் கம்பெனி, இது எங்கள் ஒப்பந்தத்தில் இல்லை என்றது. ஐந்து மாதம் போனது. மாதா மாதம் நாங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் வருகையைக் காட்டும் கோடு படுத்தே கிடந்தது; திட்டு எங்களுக்கு விழுந்தது. அதே காலத்தில் இன்னொரு வாடிக்கையாளர் ஒவ்வொரு போன் மீட்டிங்கிலும் டெவலப்பரைப் பக்கத்தில் உட்கார வைத்திருப்பார். நாங்கள் சொல்லி முடிப்பதற்குள், “இது எப்போது முடியும்?” என்று அவரைக் கேட்டுத் தேதி வாங்கிவிடுவார். அவர் சைட்டில்தான் முதலில் கிளிக் ஏறியது.

2017-ல் கூகுள் வெளியிட்ட ஒரு வீடியோவில் மைலி ஓய் என்பவர், எஸ்இஓ-வுக்குப் பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை தேவை என்றார். மாற்றங்களைச் செய்வதற்கும் பிறகு பலன் தெரிவதற்கும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. செய்யவே ஐந்து மாதம் எடுத்துக்கொண்டு, ஆறாவது மாதம் “ரேங்க் எங்கே?” என்று கேட்பது நியாயம் இல்லை.

தனியாள் விஷயத்தில் பெரிய வசதி, பேசுகிறவரே வேலையும் செய்வார். காலையில் கேட்டால் மாலைக்குள் பதில் வரும். ஆனால் அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் வேலை அங்கேயே நிற்கும். அப்புறம், உங்கள் தொழிலை அவருக்கு நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். இந்த இடத்தில்தான் நல்ல வாடிக்கையாளர் யார் என்று தெரிந்துவிடும். இயந்திர உதிரி பாகங்கள் விற்கும் ஒருவரிடம், ஒரு வாரம் போனில் வரும் கேள்விகளை அப்படியே எழுதி வைக்கச் சொன்னேன். போன் எடுக்கும் பெண் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். “இது பழைய மாடலுக்குப் பொருந்துமா?” என்ற கேள்வி பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. சைட்டில் அதற்கு ஒரு வரிகூட பதில் இல்லை. எந்தப் பாகம் எந்த மாடலுக்குப் பொருந்தும் என்று அந்த வாடிக்கையாளரே உட்கார்ந்து சொல்லச் சொல்ல, ஒரு பக்கம் தயார் செய்தோம். அந்தச் சைட்டில் அதிகம் பேர் தேடி வந்த பக்கம் அதுதான். மக்கள் என்ன சொல் போட்டுத் தேடுகிறார்கள் என்று காட்டும் எந்தக் கீவேர்டு டூலிலும் எனக்கு அது கிடைத்திருக்காது.

சொந்தமாக ஆள் வைப்பது, ஆயிரக்கணக்கில் பக்கங்கள் உள்ள, தினமும் மாறுகிற சைட்டுக்குச் சரி. சின்னச் சைட்டுக்கு வைத்தால், கொஞ்ச நாளில் அவர் போஸ்டர் டிசைன் செய்துகொண்டிருப்பார்.

யார் என்பதைவிட எப்படிப் பணம் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். “ரேங்க் வந்தால் பணம்” என்பது கேட்க நன்றாக இருக்கும். முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. அந்த ஒப்பந்தத்தில் வருகிறவர் யாரும் தேடாத சொற்களில் ரேங்க் காட்டுவார், இல்லையென்றால் கூகுளின் விதிக்கு மாறாக லிங்க் விலைக்கு வாங்குவார். 2011-ல் அமெரிக்காவின் ஜே.சி. பென்னி நிறுவனத்துக்காக ஏராளமான லிங்குகள் பணம் கொடுத்துப் போடப்பட்டிருந்தது நியூயார்க் டைம்ஸில் வெளியானது. எங்களுக்குத் தெரியாது என்று சொல்லி, அந்த நிறுவனம் தன் எஸ்இஓ ஏஜென்சியை நீக்கியது. ஆனால் தேடலில் கீழே போனது ஜே.சி. பென்னியின் சைட். அடுத்த வருடம் ஏப்ரலில் கூகுள், இப்படிப்பட்ட போலி லிங்குகளைப் பிடிக்கும் பென்குயின் அப்டேட்டைக் கொண்டுவந்தபோது இப்படிப்பட்ட இன்னும் பல சைட்டுகள் விழுந்தன. எந்த லிங்க் எங்கே போட்டார்கள் என்ற பட்டியலை மாதா மாதம் கேட்டு வாங்குங்கள். அடி விழுந்தால் விழுவது உங்கள் டொமைனுக்கு, அதாவது உங்கள் சைட் முகவரிக்கு.

மாதச் சம்பளம் போலக் கொடுப்பதா, ஒருமுறை ஆடிட் மட்டும் வாங்குவதா என்றால், முதலில் ஆடிட் என்பேன். அதில் வரும் முதல் பத்து வேலைகளை உங்கள் ஆட்களை வைத்து முடித்துப் பாருங்கள். இரண்டு மாதத்தில் முடிந்தால் மாத ஒப்பந்தம் போடலாம். ஆபீசிலேயே கை தேர்ந்த டெவலப்பர் இருந்தால் தனியாளே போதும், இல்லையென்றால் டெவலப்பரோடு வரும் ஏஜென்சி. அந்தப் பத்து வேலையும் இரண்டு மாதத்தில் முடியவில்லை என்றால் எந்த ஏஜென்சி வந்தாலும் அதே கதைதான். முதலில் அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும்.

யாரை எடுத்தாலும், தேடலில் உங்கள் சைட் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் ஓனர் நீங்களாகவே இருங்கள், அவர்களுக்கு ஃபுல் யூசர் அனுமதி போதும். சைட்டுக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் அனலிட்டிக்ஸ் உங்கள் கணக்கில் இருக்கட்டும். அவர்கள் கணக்கில் இருந்தால், பிரியும்போது பழைய கணக்கு வழக்கெல்லாம் அவர்களோடு போய்விடும். சைட்டை மாற்றும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஒரு திங்கட்கிழமை காலை ஒரு வாடிக்கையாளர் சைட்டின் வருகை கிராஃப் செங்குத்தாக இறங்கியிருந்தது. போன் செய்தால், “வெள்ளிக்கிழமை புது டிசைன் போட்டோம், சொல்ல மறந்துட்டோம்” என்றார்கள். எல்லா முகவரியும் மாறியிருந்தது, பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதுக்கு அனுப்பும் ரீடைரக்ட் ஒன்றுகூட இல்லை. பக்கத்தின் சோர்ஸைத் திறந்தால், சோதனைக்காகப் போட்ட, இந்தப் பக்கத்தைத் தேடலில் காட்டாதே என்று கூகுளுக்குச் சொல்லும் நோஇண்டெக்ஸ் வரி அப்படியே உட்கார்ந்திருந்தது.