டிவிடிக்குப் பாஸ்வேர்டு: மெனு பூட்டா, வெராகிரிப்ட்டா?

பரதநாட்டியம் சொல்லித் தரும் ஒரு டீச்சர் என்னிடம் கேட்டார்: "தம்பி, அடவு பாடம் முழுக்க டிவிடியில் போட்டுத் தரணும். பிளேயரில் போட்டதும் பாஸ்வேர்டு கேட்கணும். என் மாணவிகளைத் தவிர வேறு யாரும் பார்க்கக் கூடாது." வீடியோ எடிட் செய்து டிஸ்க்கில் பதிந்து தருவதுதான் என் தொழில். கல்யாண வீட்டார் முதல் டியூஷன் எடுப்பவர்கள் வரை பலரும் இதையே கேட்கிறார்கள். அதனால் இருக்கிற வழிகளை எல்லாம் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன்.

முதலில் மெனு பூட்டு. டிவிடி வீடியோ முறையில் பிளேயருக்குள் 16 சிறிய நினைவுப் பெட்டிகள் உண்டு. ஒவ்வொன்றும் 65,535 வரை ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும். மெனுவில் 0 முதல் 9 வரை பொத்தான்கள் வரைந்து, ரிமோட்டில் அழுத்தும் எண்களை அந்தப் பெட்டியில் சேர்த்துக்கொண்டே போகலாம். நான்கு எண்ணும் சரியாக இருந்தால் படத்துக்குப் போ, இல்லாவிட்டால் மெனுவுக்கே திரும்பு என்று கட்டளை எழுதினால் வேலை முடிந்தது. எங்கள் வீட்டு டிவி பிளேயரில் போட்டுப் பார்த்தேன். தப்பான எண் போட்டால் படம் வரவில்லை, சரியான எண்ணுக்கு வந்தது. எனக்கே சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் அதே டிஸ்க்கை லேப்டாப்பில் போட்டேன். வீடியோ டிஎஸ் ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே விஓபி ஃபைல்கள், படம் இருப்பது அவற்றில்தான். பெரியதாக இருந்த ஒன்றை இழுத்து, வீடியோ ஓட்டும் விஎல்சி மென்பொருளில் போட்டேன். தட்டடவு ஓட ஆரம்பித்துவிட்டது. பாஸ்வேர்டு கேட்கவே இல்லை. ஃபோல்டரைத் திறக்கக்கூடத் தேவையில்லை, விஎல்சியிலேயே டைட்டிலைத் தேர்ந்தெடுத்தால் போதும். நான் எழுதிய நான்கு இலக்க எண்ணும் மறைவாக இல்லை. மெனு கட்டளைகளை வைத்திருக்கும் ஐஎஃப்ஓ ஃபைலுக்குள் கட்டளையின் ஒரு பகுதியாக வெளிப்படையாக உட்கார்ந்திருக்கிறது. பிஜிசிஎடிட் போன்ற மென்பொருளில் திறந்தால் கண்ணால் படித்துவிடலாம்.

சிக்கலின் வேர் இதுதான். மெனு பூட்டில் படம் அப்படியே திறந்துதான் கிடக்கிறது. உள்ளே விடாதே என்று பிளேயரிடம் சொல்லி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். சொன்னதைக் கேட்கும் பிளேயர் கேட்கும், கேட்காதது கேட்காது. சின்னப் பிள்ளைகள் தெரியாமல் போட்டுப் பார்ப்பதைத் தடுக்க இது போதும். அதற்கு மேல் இதை நம்பக் கூடாது.

பிள்ளைகள் பார்க்கக் கூடாததைத் தடுக்கப் பிளேயரிலேயே இருக்கும் பேரன்டல் லாக் இதைவிடப் பலவீனம். டிஸ்க்கில் 1 முதல் 8 வரை ஒரு நிலை மட்டும் குறிக்கலாம். பின் நம்பர் இருப்பது பிளேயரில். டிஸ்க்கைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டு போனால் அங்கே அந்தப் பூட்டு இல்லை.

"சினிமா டிவிடிக்குப் பூட்டு இருக்கிறதே" என்பார்கள். அது சிஎஸ்எஸ், சினிமா டிவிடியைக் காப்பியடிக்காமல் தடுக்க வந்த பூட்டு. 40 பிட் நீளமே உள்ள சிறிய சாவி. 1999-ல் டிசிஎஸ்எஸ் என்ற நிரல் வெளியாகி அதை உடைத்துவிட்டது. அதற்காக வழக்குக்கு ஆளான நார்வே இளைஞர் ஜான் லெக் ஜொஹான்சனை 2003-ல் நீதிமன்றம் விடுவித்தது. நமக்கு அது எப்படியும் உதவாது. கடையில் வாங்கும் வெற்று டிவிடியில் சாவி எழுத வேண்டிய இடத்தை நாம் எழுத முடியாதபடி செய்துதான் விற்கிறார்கள். தவிர, சிஎஸ்எஸ் யாரிடமும் பாஸ்வேர்டு கேட்பதில்லை. உரிமம் பெற்ற எந்தப் பிளேயரும் திறந்துவிடும்.

உண்மையான பூட்டு வேண்டுமென்றால் வீடியோவையே குறியாக்கம் செய்ய வேண்டும், அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்ற வேண்டும். ஃபைல்களைச் சுருக்கிக் கட்டும் 7-ஜிப் மென்பொருள் எளிது. 7இசட் வடிவத்தில் பாஸ்வேர்டு போட்டால் ஏஇஎஸ்-256 என்ற வலுவான குறியாக்கம் கிடைக்கும், ஃபைல் பெயர்களையும் மறைக்கலாம். ஜிப் வடிவத்தைத் தேர்ந்தால் மட்டும் கவனம்: தானாக வருவது ஜிப்கிரிப்டோ என்ற பழைய குறியாக்க முறை, அது பலவீனமானது. 7-ஜிப்பில் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. பார்ப்பதற்கு முன் படத்தைக் கம்ப்யூட்டரில் பிரித்து வைக்க வேண்டும். உள்ளேயே டபுள் கிளிக் செய்தாலும் தற்காலிக ஃபோல்டரில் பிரித்துத்தான் ஓட்டுகிறது. பூட்டில்லாத ஒரு நகல் அங்கே உருவாகிவிடுகிறது.

வெராகிரிப்ட் என்ற குறியாக்க மென்பொருளில் அந்தக் குறை இல்லை. டிஸ்க்கில் ஒரே ஒரு பெரிய ஃபைல் இருக்கும். பாஸ்வேர்டு கொடுத்தால் தனி டிரைவ் போலத் திறக்கும், படம் ஓட ஓட அவிழ்த்துக் கொடுக்கும். குறியாக்கத்தில் இதைத்தான் நான் தேர்வு செய்வேன். ஆனால் விண்டோஸில் நிறுவ அட்மின் அனுமதி வேண்டும். அட்டையில் 4.7 ஜிபி என்று போட்டிருந்தாலும் விண்டோஸ் கணக்கில் 4.38தான், அந்தப் பெரிய ஃபைலை அதற்குள் அடக்க வேண்டும். கீறல் பயமும் உண்டு. சாதாரண டிவிடியில் கீறல் விழுந்தால் படம் கொஞ்சம் கட்டம் கட்டமாகத் தெரியும், அப்புறம் ஓடும். இங்கே, ஃபைலின் தொடக்கத்தில் திறப்பதற்கான சாவியை வைத்திருக்கும் தலைப்பகுதி கெட்டால், கடைசியில் இருக்கும் மாற்றுத் தலைப்பகுதிதான் கதி. அதனால் இரண்டு டிஸ்க் பதியுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம், குறியாக்கம் செய்த டிஸ்க் டிவி பிளேயரில் ஓடாது. டிவி பிளேயரில் ஓட வேண்டும், உண்மையான பூட்டும் வேண்டும் என்றால் இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும்.

பாஸ்வேர்டைச் சின்னதாகவும் வைக்காதீர்கள். ஏடிஎம் தப்பான முயற்சிகளை எண்ணி கார்டை முடக்கும். டிஸ்க்கால் எதையும் எண்ண முடியாது. கையில் வைத்திருப்பவர் எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம், நான்கு இலக்கம் என்றால் மொத்தமே 10,000 சேர்க்கைகள். 20 எழுத்துக்குக் குறைந்தால் வெராகிரிப்ட்டே எச்சரிக்கிறது. கொடுத்த டிஸ்க்கின் பாஸ்வேர்டைப் பிறகு மாற்றவும் முடியாது.

இவ்வளவையும் டீச்சரிடம் சொன்னபோது அவர் கேட்டார்: "சரி தம்பி, பாஸ்வேர்டு தெரிந்த பெண்ணே காப்பி போட்டுக் கொடுத்தால்?" அதற்கு மேலே சொன்ன எதிலும் பதில் இல்லை. திறந்த படத்தைப் போனில் பிடிக்கக்கூட முடியும். பாஸ்வேர்டு தெரியாதவரைத்தான் பூட்டு தடுக்கும். அவர் பயந்ததோ, தெரிந்தவர்களுக்கு.

அதனால் வழியை மாற்றினோம். மாணவிகளுக்குப் பூட்டில்லாத சாதாரண டிவிடி, காப்பி வெளியே போனால் யாருடையது என்று தெரிய, ஒவ்வொன்றிலும் படத்தின் ஓரத்தில் அந்தப் பெண்ணின் பெயர் மெலிதாக. பெயர் மாற்றி மாற்றி ரெண்டர் செய்ய மூன்று இரவு ஆனது. சின்னப் பிள்ளைகளின் ஒத்திகை வீடியோக்கள் இருக்கும் மூலத் தொகுப்பை மட்டும் வெராகிரிப்ட்டில் இரண்டு டிஸ்க்காகப் பதிந்தோம். பாஸ்வேர்டை டீச்சர் தன் கையால் ஒரு தாளில் எழுதி, டிஸ்க் இருக்கும் அலமாரியில் வைக்காமல் பூஜை அறையில் வைத்துக்கொண்டார்.