ட்ராம்போனுக்கு இரண்டாவது வால்வு: சார்ந்ததா, தனித்ததா?

ட்ராம்போன் என்பது ஸ்லைடு எனும் நகரும் குழாயை நீட்டிச் சுரம் மாற்றும் பித்தளை ஊதுகருவி; பேஸ் ட்ராம்போன் அதன் தாழ்சுர வகை. அதில் எஃப் வால்வு (காற்றைக் கூடுதல் குழாய்க்குத் திருப்பி, கருவியை எஃப் சுருதிக்கு இறக்கும் வால்வு) மட்டும் இருந்தால், ஸ்லைடைக் கடைசிவரை தள்ளினாலும் பெடல் பி பிளாட்டுக்கு (ஸ்லைடை நீட்டாமல், வால்வை அழுத்தாமல் வரும் அடிச்சுரம்) அரைச்சுரம் மேலுள்ள பி சரியாக வராது. குழாயின் நீளம் போதாது. இரண்டாவது வால்வு அதற்குத்தான்.

சார்பு வால்வு எஃப் வால்வின் கூடுதல் குழாயிலேயே உட்காரும். கட்டைவிரலால் முதல் வால்வை, அதாவது எஃப் வால்வை, அழுத்தினால்தான் இதற்குக் காற்று வரும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கருவி பெரும்பாலும் டி சுருதிக்கு இறங்கும். பிரதானக் குழாயை வெட்ட வேண்டியதில்லை. அதனால் கையிலுள்ள கருவியை மாற்றுவதென்றால் நான் இதையே சொல்வேன்.

தனி வால்வு பிரதானக் குழாயிலேயே நிற்கும். நடுவிரலால் அதை மட்டும் அழுத்தினால் வழக்கமாக ஜி பிளாட் சுருதி. வேகமான தாழ்சுர வரிகளில் ஸ்லைடை அதிகம் ஓட்ட வேண்டாம், அது பெரிய நிம்மதி. ஆனால் எதையும் அழுத்தாதபோதும் காற்று இரண்டு வால்வுகளையும் கடந்தே போகும். வால்வு சுமாரானதாக இருந்தால் அந்தத் தடை ஊதும்போதே தெரியும்.