மழை நாளில் எதைப் பார்ப்பது: அறிக்கையா, ரேடார் படமா?

வடகிழக்குப் பருவமழை நேரத்தில் சென்னைக்காரர்கள் புரட்டுவது இரண்டை: வானிலை மையத்தின் அறிக்கை, அப்புறம் ரேடார் படம்.

அறிக்கையைக் கணித்து எழுதுவது ஆள். கணினிக் கணிப்பு மாதிரிகளையும் செயற்கைக்கோள் படங்களையும் பார்த்துத்தான் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை நிறம் கொடுக்கிறார்கள். நாளைக்குப் பயணம் போகலாமா என்று முடிவு செய்ய இதுதான் சரி. ஆனால் நிறம் மாவட்டம் முழுவதற்கும் சேர்த்து. உங்கள் தெருவுக்கு அல்ல. அதில் வரும் மழையளவும் முந்தைய நாள் காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரை பெய்தது. மதியம் கொட்டும் மழைக்கு அந்த எண்ணால் பயனில்லை.

ரேடார், ரேடியோ அலைகளை அனுப்பி மழை இப்போது எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவி; சில நிமிடங்களுக்கு ஒருமுறை புதுப்படம் தரும். கடலிலிருந்து மேகக்கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, வண்டியை எடுக்கலாமா என்று முடிவு செய்யலாம். நாளைய மழையை அது சொல்லாது. தூரம் போகப் போக அதன் அலைக்கற்றை தரையை விட்டு உயர்ந்துவிடுவதால், தொலைவில் தாழ்வாக இருக்கும் மழைமேகம் தப்பிவிடும்.

இன்னொன்று: படத்தின் ஓரத்தில் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் (UTC) இருக்கும்; நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே. 10:30 என்றிருந்தால் நம் கணக்கில் மாலை 4 மணி. வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் அந்த ஓரத்தை வெட்டியிருந்தால், நான் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

புயல் வரும்போது மட்டும் நான் அறிக்கை பக்கம்தான்.