புது வீட்டுக்கு டிவி வாங்குவோர் கவனத்துக்கு: 4கே என்று விற்றார்கள், திரையை அளந்தால் 4கே இல்லை

வீடு மாறும் வாரத்தில் டிவி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கோவையில் ஒரு கடை எங்களுக்கு 55 அங்குல 4கே டிவி என்று சொல்லி, 4கேயில் நான்கில் ஒரு பங்குப் படப்புள்ளிகளே கொண்ட வெறும் ஃபுல் எச்.டி. திரை உள்ள டிவியைக் கட்டிவிட்டது. விலை 29,500 ரூபாய். பில் இருக்கிறது, விலைச்சீட்டின் புகைப்படம் இருக்கிறது, திரையை அளந்து எடுத்த படங்களும் இருக்கின்றன. புகார் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். குடிவருகிறவர்களின் அவசரத்தை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

கணவருக்கு வேலை மாற்றல். பாளையங்கோட்டையிலிருந்து கோவைக்கு வந்தோம். பழைய 32 அங்குல டிவியை ஊரில் நாத்தனார் வீட்டிலேயே விட்டுவிட்டோம். மாமியாருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. செய்திச் சேனலில் அடியில் ஓடும் எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அதற்காகத்தான் பெரிய திரை, அதற்காகத்தான் 4கே.

அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி மேசையில் ஒரு துண்டறிக்கை இருந்தது. “புதுக் குடித்தனச் சலுகை: டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், அன்றே டெலிவரி, இலவசமாக மாட்டித் தரப்படும்” என்று அச்சிட்டிருந்தார்கள். அந்தக் கடைக்குத்தான் போனோம்.

கடையில் சுவர் முழுக்க டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே படம்: தேன்சிட்டு, நீர்த்துளி, வெட்டிய மாதுளை. மெதுவாக நகரும், நிறம் கொட்டும் அந்தப் படங்களில் எந்த டிவியும் அழகாகத்தான் தெரியும். எங்களுக்குக் காட்டிய டிவியின் விலைச்சீட்டில் “55 இன்ச் அல்ட்ரா எச்.டி. 4கே ஸ்மார்ட்” என்று இருந்தது. அலுவலகத்தில் இருந்த கணவருக்கு அனுப்புவதற்காக அதைப் படம் எடுத்துக்கொண்டேன். 32,000 என்பதை அடித்து, 29,500 என்று எழுதியிருந்தார்கள். “எங்கள் கடையின் சிறப்புத் தள்ளுபடி அக்கா” என்றார் விற்பனையாளர். அது தள்ளுபடியே அல்ல. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. வரி சேராத விலை 25,000 ரூபாய் என்றால், முன்பு வரியோடு 32,000, இப்போது 29,500. அரசு குறைத்த வரியைத் தங்கள் தாராள மனதாகக் காட்டியிருக்கிறார்கள்.

“இது 4கேதானே?” என்று நேராகவே கேட்டேன். “4கே சப்போர்ட் அக்கா, எந்த 4கே படம் போட்டாலும் ஓடும்” என்றார். ஓடும் என்பது உண்மைதான். 4கே படத்தை உள்ளே வாங்கி, அதைச் சுருக்கி, குறுக்கிலும் நெடுக்கிலும் பாதிப் புள்ளிகளே உள்ள திரையில் காட்டும். 4கே திரையில் குறுக்காக 3840 புள்ளிகள், நெடுக்காக 2160. ஃபுல் எச்.டி.யில் 1920, 1080. மொத்தக் கணக்கில் நான்கில் ஒரு பங்கு. இந்த வித்தியாசத்தை மறைத்துத்தான் அந்தப் பதில் சொல்லப்பட்டது.

டிவி வந்த நாளில் வீடு எப்படி இருந்திருக்கும் என்று குடிபெயர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூடத்தில் நிற்க இடமில்லாமல் அட்டைப் பெட்டிகள். கேபிள் இணைப்பு இன்னும் வரவில்லை, இணையம் மறுவாரம்தான் என்று சொல்லியிருந்தார்கள். மாட்ட வந்த ஆள் தன் பையிலிருந்து பென் டிரைவை எடுத்துச் செருகினார். மறுபடியும் அதே தேன்சிட்டு, அதே மாதுளை. படிவத்தை நீட்டினார். “பொருள் நல்ல நிலையில் பெறப்பட்டது, செயல்விளக்கம் திருப்தி” என்று அதில் இருந்தது. சுவர்ச் சட்டத்துக்கென்று 1,200 ரூபாய் ரொக்கமாக வாங்கினார். ரசீது கேட்டதற்குக் கடையில் வாங்கிக்கொள்ளச் சொன்னார். துண்டறிக்கையில் இருந்த ‘இலவசம்’ அங்கேயே முடிந்தது. போகும்போது, “குப்பை எதற்கு உங்களுக்கு, பெட்டியை நாங்களே எடுத்துப் போகிறோம்” என்று அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். உதவி செய்வது போல்தான் இருந்தது. உண்மையில் அந்தப் பெட்டியில்தான் மாடல் எண், தயாரித்த மாதம், அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். மாதம், விலை, முகவரி மூன்றும் சட்டப்படி இருந்தாக வேண்டும். அத்தனையும் கதவைத் தாண்டிப் போய்விட்டது.

கேபிள் வந்ததும் மாமியார் டிவி முன் உட்கார்ந்தார். ஓடும் எழுத்தில் ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் வேறுபாடு தெரியவில்லை, எழுத்தின் ஓரமெல்லாம் ஈரம் பட்ட மை போல் பரவி நின்றது. கடைக்குப் போன் செய்தால், “சேனலே அப்படித்தான் மேடம், டிவியில் ஒன்றுமில்லை” என்றார்கள். இதில் பாதி உண்மை இருப்பதுதான் கொடுமை. சாதாரண எஸ்.டி. சேனலின் படம் 576 வரிகள்தான். அதை 55 அங்குலத்துக்கு இழுத்தால் எந்த டிவியிலும் மங்கும், அசல் 4கே டிவியிலும் மங்கும். அந்தப் பாதி உண்மைக்குப் பின்னால் மீதியை ஒளித்துவைக்கிறார்கள். மாமியாரோ, தன் கண்ணில்தான் இன்னும் கோளாறு என்று நினைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று சொல்லத் தொடங்கிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். பணம் போனதைவிட அது பெரிய அநியாயம்.

இணையம் வந்த பிறகு எச்.டி. தரத்தில் இருக்கும் படங்களைப் போட்டுப் பார்த்தோம். அதுவும் மங்கல்தான். எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் நாத்தனார் மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். “அத்தை, ஒரு அடி ஸ்கேல் இருந்தால் கொடுங்கள்” என்றான். திரையில் முழு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டான். பிளாஸ்டிக் ஸ்கேலைத் திரையில் அழுத்தாமல் பிடித்துக்கொண்டு, கைபேசிக் கேமராவை மிக அருகே கொண்டுபோய்ப் படம் எடுத்தான். பெரிதாக்கினால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மும்மூன்று கோடுகளாகத் தெரிகிறது. அப்படி ஒரு மூன்று சேர்ந்தால் ஒரு புள்ளி. ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை புள்ளி என்று எண்ண வேண்டும், அவ்வளவுதான். 55 அங்குலத் திரையின் அகலம் சுமார் 122 செ.மீ. அசல் 4கே என்றால் ஒரு சென்டிமீட்டருக்கு 31 புள்ளிக்கு மேல் இருக்க வேண்டும். எங்கள் திரையில் 16 கூட முழுதாக இல்லை. நடுவிலும் இரண்டு ஓரங்களிலும் எண்ணினோம், எங்கும் அதேதான்.

43 அங்குலம் என்றால் அகலம் சுமார் 95 செ.மீ.; 4கே திரையில் செ.மீ.க்கு 40 புள்ளி, ஃபுல் எச்.டி.யில் 20. உங்கள் வீட்டு டிவியையும் இப்படிப் பார்த்துவிடலாம். இதற்குப் படிப்பு எதுவும் தேவையில்லை.

அவன் இன்னொன்றையும் கண்டுபிடித்தான். டிவியில் இருந்தது கூகுள் சான்று பெற்ற டிவி மென்பொருள் அல்ல. கைபேசிக்கான ஆண்ட்ராய்டை எடுத்துத் திணித்திருந்தார்கள். நெட்பிளிக்ஸ் போன்ற சேவைகள் படத்தை நகலெடுக்க விடாமல் தடுக்கும் வைட்வைன் என்ற பாதுகாப்பு முறையைப் பார்க்கின்றன. அதில் எல்1 நிலை இருந்தால்தான் எச்.டி.யும் அதற்கு மேலும் அனுப்புகின்றன. எல்3 என்றால் எஸ்.டி. தரத்தோடு நிறுத்திவிடுகின்றன. எங்களுடையது எல்3. அதாவது அந்தப் படங்கள் ஃபுல் எச்.டி. தரத்தில்கூட எங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை. அதற்கான சந்தாவுக்கு மட்டும் முழுப் பணம்.

ரிமோட் வந்த பாலித்தீன் பைக்குள் ஒரு சிறு கையேடு கிடந்தது. கடைசிப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில், பேனல் 1920 x 1080 என்று இருந்தது. பெட்டியை எடுத்துப் போனவர்கள் இதை மறந்துவிட்டார்கள்.

கடைக்குப் போய்க் கையேட்டையும் விலைச்சீட்டுப் படத்தையும் வைத்தோம். மேலாளர் முதலில் சொன்னது, ஏழு நாள் மாற்றுக்காலம் முடிந்துவிட்டது. அடுத்துச் சொன்னது, திருப்தி என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். மூன்றாவதாக, பில்லில் 4கே என்று எங்கே இருக்கிறது என்று கேட்டார். பில்லை அப்போதுதான் அந்தக் கண்ணோடு பார்த்தோம்: “எல்.இ.டி. டிவி 55, எண்ணிக்கை 1”. மாடல் எண் இல்லை, வரிசை எண் இல்லை. ஜி.எஸ்.டி. மட்டும் பைசா பிசகாமல் இருந்தது. பேசப் பேச, 5,000 ரூபாய் தருகிறோம், விஷயத்தை முடித்துக்கொள்ளுங்கள் என்றார். ஒழுங்கான பொருளைக் கொடுத்தவர் எதற்காக 5,000 ரூபாய் தர வேண்டும்? வாங்காமல் வந்துவிட்டோம்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, ஒரு பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பதே முறையற்ற வணிக நடைமுறை. ஏழு நாள் நிபந்தனையைக் காட்டி அந்தப் பொய்யை மூட முடியாது. பில்லில் எந்தக் கெடுவும் போடாத கடை என்றால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதும் அதே முறையற்ற வணிக நடைமுறைதான். முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுத்து, விரைவு அஞ்சலில் அனுப்பிய சான்றை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக மாவட்ட ஆணையத்தில் மனு. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு வரை அவகாசம் இருக்கிறது. வீடு மாறுகிறவர்களுக்கு இன்னொரு வசதி: வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனு கொடுக்கலாம். பழைய ஊரில் வாங்கி மூட்டையோடு எடுத்து வந்தவர்கள் இதற்காகத் திரும்ப அலைய வேண்டாம்.

கடையில் இருக்கும்போதே செய்யக்கூடியவை சில. உங்கள் பென் டிரைவைக் கொண்டுபோய் உங்கள் படத்தைப் போடச் சொல்லுங்கள். ஓர் உள்ளூர்ச் செய்திச் சேனலையும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடைக்குப் போய்விடுங்கள். விலைச்சீட்டைப் படம் எடுங்கள். பில்லில் மாடல் எண், வரிசை எண், 3840 x 2160 என்ற எண்கள் மூன்றும் ஏறாமல் பணம் கொடுக்காதீர்கள். எண்களை எழுதச் சொன்னால்தான் கடைக்காரரின் முகம் மாறுகிறதா என்று தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேல், கேபிளும் இணையமும் வரும்வரை டிவியை மாட்டவே விடாதீர்கள். பெட்டி பிரிக்காமல் ஒரு மூலையில் இருக்கட்டும். “ஆள் இன்றைக்கு விட்டால் பத்து நாள் ஆகும்” என்று மிரட்டுவார்கள், ஆகட்டும். டெலிவரி ஆளிடம் பெட்டி சேதமில்லாமல் வந்தது என்பதற்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். திருப்தி என்ற வரி இருந்தால் அதை அடித்துவிட்டுப் போடுங்கள். உத்தரவாதக் காலம் முடியும்வரை பெட்டியை யாருக்கும் கொடுக்காதீர்கள், பரணில் போட்டுவையுங்கள்.

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஸ்கேல் வைத்து எண்ணும் முறையைப் படத்தோடு அனுப்பினேன். அதே துண்டறிக்கையைப் பார்த்து அதே கடையில் வாங்கிய இன்னும் இரண்டு குடும்பத்தினர் எண்ணிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் 16க்கு மேல் வரவில்லை; அவர்கள் பில்லிலும் மாடல் எண் இல்லை. அவர்களும் தனித்தனியே மனு தயார் செய்கிறார்கள். கோவையில் புதிதாகக் குடிவந்து இப்படி ஒரு துண்டறிக்கையைப் பார்த்து டிவி வாங்கியிருந்தால், இன்றைக்கே எண்ணிப் பாருங்கள். குறைவாக இருந்தால் டிவியைக் கழற்றிக் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். அதுதான் உங்கள் சாட்சி. பில், கையேடு, துண்டறிக்கை மூன்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு 1915-ஐ அழையுங்கள்.