லைவ்வெல்லில் தண்ணீர் ஏறவில்லை: பம்பை மாற்றுவதா, பாதையை மாற்றுவதா?

பம்ப் ஓடுகிற சத்தம் கேட்கிறது, தொட்டிக்குச் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கப் படகு வைத்திருக்கிறவர்கள் ஒரு தடவையாவது இப்படி விழித்திருப்பார்கள். எனக்கு அது டெக்ஸஸின் லேக் ஃபோர்க் ஏரியில், ஆகஸ்ட் மாத மத்தியானத்தில் நடந்தது. பத்து நிமிடம் முழு வேகத்தில் வந்து நிறுத்தி மூடியைத் திறந்தால், விரல் ஆழத் தண்ணீரில் இரண்டு மீன்களும் சாய்ந்து கிடந்தன.

லைவ்வெல் என்பது பிடித்த மீனை உயிரோடு வைத்திருக்கும் தொட்டி. 1972-இல் ரே ஸ்காட் தன் பாஸ் போட்டிகளில் மீனை எடை போட்டுவிட்டு உயிரோடு திரும்ப விடும் வழக்கத்தைக் கொண்டுவந்த பிறகு, இந்தத் தொட்டி இல்லாத பாஸ் படகே கிடையாது என்றாகிவிட்டது. டெக்ஸஸில் இன்னொரு காரணமும் உண்டு. 1986 முதல் நடக்கும் ஷேர்லங்கர் திட்டத்தில், 13 பவுண்டோ அதற்கு மேலோ உள்ள பாஸ் கிடைத்தால் இனப்பெருக்கத்துக்காக மாநிலத்திடம் கொடுக்கலாம். அந்த ஆறு கிலோ ராணியை உயிரோடு கொடுக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

சரி, அன்று இரவே கடைக்குப் போய் மணிக்கு 1000 கேலன் தள்ளும் பம்ப் ஒன்றை வாங்கினேன். இருந்தது 500. மாட்டிவிட்டு அடுத்த வாரம் போனேன். அதே கதை, சத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

500-ஆ, 1000-ஆ?

பெட்டியில் போட்டிருக்கும் எண் ஹோஸ் இல்லாமல், மேலே ஏற்றாமல், 13.6 வோல்ட்டில் எடுத்த அளவாகத்தான் பெரும்பாலும் இருக்கும். 500 கேலன் என்றால் சுமார் 1,900 லிட்டர். படகில் அந்தத் தண்ணீர் முக்கால் அங்குல ஹோஸில், மூன்று நான்கு எல்போ வளைவுகளைத் தாண்டி, ஒரு வால்வுக்குள் நுழைந்து மேலே வர வேண்டும். ஓட்டம் இரண்டு மடங்கானால் உராய்வு ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆகவே ஹோஸை மாற்றாமல் பம்பை மட்டும் பெரிதாக்கினால், கூடுதல் கரண்ட் செலவாகுமே தவிர தண்ணீர் இரட்டிப்பாகாது. நூறு லிட்டர் தொட்டிக்கு ஒழுங்காக ஓடும் 500 போதும். இரண்டு அறை கொண்ட பெரிய தொட்டி, அகலமான ஹோஸ் என்றால் மட்டும் 800, 1000 பக்கம் போகலாம்.

பழைய பம்பைத் தூக்கிப் போடும் முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். ஒன்று, இம்பெல்லர், அதாவது பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம். ஃபோர்க் மாதிரி ஹைட்ரில்லா பாசி மண்டிய ஏரியில் அதன் இழைகளும் அறுந்த தூண்டில் நரம்பும் இம்பெல்லரைச் சுற்றிக்கொள்ளும். ஃபியூஸ் அடிக்கடி போனால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். இரண்டாவது, வோல்ட்டேஜ். பம்ப் ஓடும்போதே அதன் வயர் முனையில் மீட்டரை வைத்துப் பாருங்கள். பேட்டரியில் 12.5 காட்டி இங்கே 10.5 காட்டினால் குற்றவாளி நடுவில் எங்கோ பச்சை பூத்த ஒரு ஜாயிண்ட். என் படகில் முன்பு வைத்திருந்தவர் வீட்டு வயரிங்கில் வயர் முனைகளை முறுக்கி இணைக்கப் போடும் சுருள் மூடியை மாட்டி வைத்திருந்தார்!

வாங்கியே ஆக வேண்டும் என்றால் கார்ட்ரிட்ஜ் வகைதான் என் ஓட்டு. உடம்பு படகிலேயே இருக்கும், மோட்டாரை மட்டும் திருகிக் கழற்றிப் புதிதைச் செருகலாம். ஒரே துண்டாக வரும் பம்பில் ஹோஸ், கிளாம்ப் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டும். டெக்குக்கு அடியில் தலைகீழாகப் படுத்து வேலை செய்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தின் விலை தெரியும். ஆனால் ஒன்று: மூடும் வால்வு இல்லாத படகில், தண்ணீரில் நிற்கும்போது கார்ட்ரிட்ஜைக் கழற்றினால் ஏரி உள்ளே வந்துவிடும். டிரெய்லரில் ஏற்றிவிட்டுக் கழற்றுங்கள்.

தண்ணீர் உள்ளே வரும் வாய்

என் கோளாறு இங்கேதான் தொடங்கியது. இந்தப் பம்புகள் சென்ட்ரிஃபியூகல் வகை. காற்றை இழுத்துத் தண்ணீரை வரவைக்கும் திறன் இவற்றுக்குக் கிடையாது, தண்ணீர் தானாகவே உள்ளே வந்து நிற்க வேண்டும். ஊரில் கிணற்று மோட்டார் ஏர் வாங்கும்போது வாய்வழியே தண்ணீர் ஊற்றி எடுத்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

படகின் பின்பலகையில் சமமாகப் பதித்த துளை நிற்கும்போது அருமையாக வேலை செய்யும். வேகமெடுத்துப் படகு எழும்பியதும் அந்தத் துளை காற்றில் தொங்கும். தொட்டி உயரத்தில் இருப்பதால் உள்ளே இருக்கும் தண்ணீர் பம்ப் வழியாகவே பின்னால் வழிந்து ஓடும். நிறுத்தியதும் பம்புக்குள் காற்று அடைத்துக்கொள்ளும். என் ஆகஸ்ட் மீன்களுக்கு நடந்தது அதுதான். இதற்கு அவசர வைத்தியம் ஒன்று உண்டு: பம்பை ஓடவிட்டு, படகை ரிவர்ஸில் சில விநாடி தள்ளுங்கள். தண்ணீர் பின்பலகைத் துளைக்குள் அழுந்திப் புகுந்து காற்றைத் தள்ளிவிடும்.

படகின் அடியில் முன்பக்கம் பார்த்து வைக்கும் ஸ்கூப் இதற்கு நேர் எதிர். ஓடும்போது பம்பே இல்லாமல் தண்ணீரை அள்ளித் திணிக்கும். பதிலுக்கு அதன் கம்பிகளில் பாசி சிக்கும், தவறிப் பின்பக்கம் பார்த்துப் பொருத்திவிட்டால் தொட்டியை உறிஞ்சிக் காலி செய்யும். நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்கு ஸ்கூப், பாசிக் கரையோரமே திரிகிறவர்களுக்குப் பின்பலகைத் துளை என்று பிரித்துக்கொள்ளலாம்.

பின்பலகைத் துளைதான் என்றால், தண்ணீர் திரும்ப வழியாமல் தடுக்க, ஒரே திசையில் மட்டும் தானாகத் திறக்கும் செக் வால்வா, கையால் திருப்பும் வால்வா? செக் வால்வை மாட்டிவிட்டு மறந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அடைத்த காற்று வெளியேறவும் அதே வால்வு தடையாக நிற்கும், சின்ன பம்பால் அதைத் திறக்க முடியாமல் போகும். ஒரு துணுக்குப் பாசி மாட்டினால் மூடவும் செய்யாது. எனக்குக் கை வால்வுதான் சரிப்பட்டது. கிளம்பும் முன் மூட வேண்டும், அவ்வளவுதான். ஒரு தடவை மறந்தால் மறுபடி மறக்க மாட்டீர்கள்.

புதுத் தண்ணீரா, அதே தண்ணீரா?

வசந்த காலத்தில் ஏரித் தண்ணீரை ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பது நல்லது. கோடையில் கணக்கு மாறுகிறது. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். மேற்பரப்பின் வெந்நீரைத் திரும்பத் திரும்ப ஏற்றுவதை விட, உள்ளிருக்கும் தண்ணீரையே சுழலவிட்டு, உறைய வைத்த பாட்டில்களை உள்ளே போட்டு மூன்று நான்கு டிகிரி இறக்குவது மேல். ஐஸைக் கொட்டினால் குழாய்த் தண்ணீரின் குளோரின் கலக்கும், பாட்டிலில் அந்தத் தொல்லை இல்லை. இடையிடையே கொஞ்சம் புதுத் தண்ணீர் விட்டுக் கழிவை வெளியேற்றினால் போதும்.

பம்பை விட்டு விட்டு ஓட்டும் டைமர் பேட்டரியைச் சேமிக்கிறது என்பார்கள். சின்ன பம்ப் இழுப்பது இரண்டு ஆம்பியர் அளவுதான், எட்டு மணி நேரம் ஓடினாலும் 16 ஆம்பியர்-மணி. நடுவில் எஞ்சின் ஓடும்போது சார்ஜும் ஏறும். கோடையில் டைமரை நம்பி மீனைப் பணயம் வைக்க வேண்டாம்.

தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்றும் தெளிப்பான், வென்சுரி, ஆக்சிஜன் சிலிண்டர் என்ற மூன்றில், ஓடும் தண்ணீரே காற்றை உள்ளிழுத்துக் குமிழியாக்கும் குறுகிய குழாயான வென்சுரியை நான் பம்பின் நாடி பார்க்கும் கருவியாகவே வைத்திருக்கிறேன். ஓட்டம் குறைந்தால் குமிழி உடனே நின்றுவிடும். சிலிண்டர் ஆக்சிஜனைக் காற்றால் முடியாத அளவுக்கு ஏற்றும். அளவு மீறினால் அதுவும் மீனுக்குக் கெடுதி. வாரக் கடைசியில் போகிறவருக்குத் தேவையில்லை.

ஹோஸும் துளைப் பொருத்தியும்

சுருள் ஹோஸ் மலிவு, எளிதில் வளையும், உள்ளே மேடு பள்ளமாக இருப்பதால் ஓட்டத்தைத் தின்னும். உள்பக்கம் வழுவழுப்பான ஹோஸுக்கே செலவழியுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டு கிளாம்ப். தண்ணீர் உள்ளே வரும் துளையில் மாட்டும் பொருத்தி பிளாஸ்டிக்கானால் வெயிலில் பொரிந்து உடையும், ஃபைபர் படகுக்கு வெண்கலம் நல்லது. அலுமினியப் படகில் வெண்கலத்தை நேரடியாகப் பொருத்தவே கூடாது, பக்கத்து அலுமினியத்தை அரித்துவிடும்.

ஹோஸ் பம்பிலிருந்து தொட்டிவரை ஏறுமுகமாகவே போக வேண்டும். நடுவில் ஒரு தொய்வு இருந்தால் அதையொட்டி மேலெழும் வளைவில் காற்று தங்கும். 2014 ஜூலை முதல் டெக்ஸஸ் முழுவதும், பொது ஏரியை விட்டுக் கிளம்பும்போது லைவ்வெல் உட்படப் படகின் எல்லாத் தண்ணீரையும் வடித்துவிட வேண்டும் என்பது சட்டம். ஜீப்ரா மஸல் என்ற சிப்பியின் கண்ணுக்குத் தெரியாத லார்வா அடுத்த ஏரிக்குப் போய்விடக் கூடாதே. வடிகால் மூடியைத் திறந்தால் தொட்டி காலியாகும், தொய்ந்த ஹோஸில் ஒரு டம்ளர் தண்ணீர் நிற்கும். நான் தொய்வை நிமிர்த்தி இரண்டு கிளிப் அடித்ததும் காற்று அடைப்பும் போனது, அந்த டம்ளர் தண்ணீரும் போனது. அப்புறம் பழைய 500-ஐயே திரும்ப மாட்டினேன்.